போன் அடித்ததும்: குமரி மாவட்டத்தில் அவசர அழைப்பு எடுக்கும் வேலைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"அண்ணே, பய வெள்ளத்துல சாடிட்டான், ஆளக் காணல."

எங்கள் பக்கத்தில் இந்த ஒரு வரிக்கு யாருக்கும் விளக்கம் வேண்டாம். பையன் குளத்திலோ ஆற்றிலோ குதித்திருக்கிறான், மேலே வரவில்லை. இதே வரியை சென்னையில் உட்கார்ந்து கேட்பவருக்கு வெள்ளம் என்றால் மழை வெள்ளம், சாடினான் என்றால் யாரையோ திட்டினான். அவர் "எந்த ஊர்ல வெள்ளம்?" என்று கேட்க, இவர் "வெள்ளம் வரல்ல, வெள்ளத்துல!" என்று கத்த, அரை நிமிடம் போய்விடும். மூழ்கியவனுக்கு அந்த அரை நிமிடம் ரொம்பப் பெரிது.

ஊரில் ஒரு தர்ம ஆம்புலன்சின் போனைச் சில வருடங்கள் பார்த்துக்கொண்டவன் நான். அப்புறம் தொண்டர்களுக்கு அதே வேலையைப் பழக்கியும் கொடுத்தேன். 108-ல் சேர நினைப்பவர்கள், பேரிடர் நேரத்தில் கண்ட்ரோல் ரூமில் உட்கார நேர்பவர்கள், ஊர் ஆம்புலன்ஸ் போனை ஏற்கப் போகிறவர்கள், மூன்று பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில், எந்த எண் எங்கே போகிறது

108 ஆம்புலன்ஸ் சேவை 2005-ல் ஐதராபாத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. பேச்சிப்பாறையிலிருந்து அடித்தாலும் நீரோடியிலிருந்து அடித்தாலும் போன் எடுப்பவர் சென்னையில்தான் இருக்கிறார், கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர் தள்ளி. அவர் விவரம் பதிந்து, பக்கத்தில் சும்மா நிற்கும் வண்டியைத் திரையில் பார்த்து அனுப்புவார். அதன் பிறகு வண்டிக்காரர்களே அழைத்தவரைக் கூப்பிட்டு வழி கேட்பார்கள். போலீசுக்கு 100, தீயணைப்புக்கு 101. 112 நாடு முழுவதற்கும் பொதுவான எண்.

கலெக்டர் அலுவலகத்தின் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. மாநில அறைக்கு 1070. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554. கடற்கரை ஊர்க்காரர்கள் கடைசி இரண்டையும் படகு கேபினுக்குள் பெயின்ட்டால் எழுதி வைக்கலாம்.

எல்லையோரத்தில் ஒரு தொல்லை உண்டு. களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கம் செல்போன் கேரள டவரைப் பிடித்திருந்தால் அழைப்பும் அந்தப் பக்கம் போய்விடலாம். மலையாளத்தில் பதில் வந்ததும் பயந்து கட் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கட் செய்யாமல், "தமிழ்நாடு, கன்னியாகுமரி ஜில்லா" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லச் சொல்லிக்கொடுங்கள்.

வேலையில் சேர்வது எப்படி

108-க்கு ஆள் எடுக்கும் முகாம் அறிவிப்புகள் செய்தித்தாளில் அவ்வப்போது வரும். மருத்துவ உதவியாளர் வேலைக்கு பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம்., டி.எம்.எல்.டி., பார்மசி படித்தவர்களையும், விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் போன்ற பட்டம் பெற்றவர்களையும் கூப்பிடுவார்கள். வயது 19-லிருந்து 30-க்குள் என்று இருக்கும். எழுத்துத் தேர்வு, உடற்கூறு மற்றும் முதலுதவி பற்றிய கேள்விகள், நேர்முகம் எல்லாம் தாண்டினால் வகுப்பறை, ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் மூன்றிலுமாக 50 நாள் பயிற்சி. டிரைவரை அங்கே பைலட் என்பார்கள். அதற்குப் பத்தாம் வகுப்பு, பேட்ஜுடன் லைசென்ஸ், 162.5 செ.மீ. உயரம். இரண்டு வேலைக்கும் 12 மணி நேர ஷிப்ட், பகல் இரவு மாறி மாறி. வயதும் சம்பளமும் முகாமுக்கு முகாம் மாறலாம், ஆகவே அந்தந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள். அசல் சான்றிதழ் இல்லாமல் போய்த் திரும்பி வந்தவர்கள் நிறைய.

போலீஸ் கண்ட்ரோல் ரூமுக்கோ தீயணைப்பு நிலைய வாட்ச் ரூமுக்கோ நேரடியாகப் போய்ச் சேர முடியாது. சீருடைப் பணியாளர் தேர்வாணையம் வழியாக அந்தத் துறைக்குள் போனால் பிறகு அங்கே டூட்டி விழும்.

என்னைக் கேட்டால், போன் முன்னால் உட்காருவதற்கு முன் ஆறு மாதமாவது வண்டியில் ஓடிவிட்டு வாருங்கள் என்பேன். ஸ்ட்ரெச்சரை ஒரு முடுக்குக்குள் (குறுகிய சந்துக்குள்) திருப்ப முடியாமல் நின்ற அனுபவம் இருந்தால், போனில் கேட்கிற கேள்வியே மாறிவிடும்.

ஊரைக் காதால் படிக்கும் பயிற்சி

வியாதியையும் முதலுதவியையும் எந்த வகுப்பிலும் சொல்லித்தருவார்கள். இடம் கண்டுபிடிப்பதை நாமேதான் பழக வேண்டும். வழிகாட்டியின் பெரிய பகுதியை இதற்கே செலவழிக்கிறேன், ஏனென்றால் என் கையில் தவறிய அழைப்புகளில் பெரும்பாலானவை இடத்தில்தான் தவறின.

கோவளம் என்று ஒருவர் சொல்கிறார். கன்னியாகுமரி பக்கத்தில் ஒரு கோவளம், திருவனந்தபுரம் பக்கத்தில் ஒன்று, சென்னைக்குத் தெற்கே ஒன்று. மூன்றும் கடற்கரை, மூன்றிலும் மீனவர்கள். "பீச் பக்கம்" என்று அவர் விளக்கினாலும் பயனில்லை. திருவட்டாறு பக்கத்து ஆற்றூரைப் பதற்றத்தில் சொன்னால் சேலத்து ஆத்தூர் என்றுதான் காதில் விழும். மார்த்தாண்டம் வேறு, கடலோர மார்த்தாண்டன்துறை வேறு. நடுவில் பத்து கிலோமீட்டருக்கு மேல். முட்டம் மேற்கே, சின்னமுட்டம் கன்னியாகுமரியை ஒட்டி. இரண்டிலும் மீன்பிடித் துறைமுகம், அதனால் "ஹார்பர்" என்று கேட்டாலும் குழப்பம் தீராது. மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் நடுவில் பழையாற்றின் பொழிமுகம், அதாவது ஆறு கடலில் சேரும் இடம். 2004 சுனாமியில் அங்கிருந்த பாலமே அடித்துச் செல்லப்பட்டது. அப்போது மேலயா கீழயா என்ற ஒரு சொல்லில் வண்டி சுற்ற வேண்டிய வழியே மாறிப்போனது.

ஒரு நீள நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் ஜனங்கள் சொல்லும் பெயர், வலப்பக்கம் வண்டிக்குச் சொல்லும் வழி. ஆலுமூடு என்று இந்த மாவட்டத்தில் எத்தனை இருக்கிறதோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. அப்புறம் குருசடிகள் (சிலுவை வைத்த சிறு வழிபாட்டிடங்கள்), சாஸ்தா கோயில்கள், ரேஷன் கடைகள், சானல் (கால்வாய்) கரைப் பாலங்கள். ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயம் இருக்கட்டும்: எந்தப் பெரிய ரோட்டிலிருந்து திரும்புவது, வேன் உள்ளே போகுமா ஆட்டோதான் போகுமா, மழையில் அந்தப் பாதை முங்குமா. உட்கார்ந்த இடத்தில் இதை எழுத முடியாது. மினி பஸ்ஸில் ஏறிக் கடைசி ஸ்டாப் வரை போய், நடந்து திரும்பி வந்து எழுதுங்கள். மூன்று வாரத்தில் ஒரு தாலுகா முடியும்.

மலைப்பக்கத்துக்குத் தனிப் பக்கம் வேண்டும். பேச்சிப்பாறை அணைக்கு அந்தப் பக்கம் உள்ள சில காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளுக்குப் படகில்தான் போக முடியும், டவரும் சரியாகக் கிடைக்காது. அங்கிருந்து வருகிற அழைப்பு பெரும்பாலும் யாரோ ஒருவர் மேடேறி நின்று பேசுவது. நோயாளி அவர் பக்கத்தில் இருக்க மாட்டார். "இப்ப நீங்க அவங்க கூட இருக்கீங்களா?" என்பதை அங்கே முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

ஊர்ப் பேச்சும் பாடம்தான். வெள்ளம் என்றால் தண்ணீர், வள்ளம் என்றால் படகு. லைன் கரகரக்கும்போது இரண்டும் ஒன்றாகக் கேட்கும். தலைகறக்கம் என்றால் தலைசுற்றல், ஈளை என்றால் இளைப்பு, விளை என்றால் தோட்டம், முக்கு என்றால் சந்திப்பு. சென்னை அறையில் வேலை கிடைத்துப் போகிற நம் ஊர்ப் பிள்ளைகள் இந்தப் பட்டியலை எழுதிப் பக்கத்து சீட்டுக்காரரின் மேசையில் ஒட்டிவிடுங்கள். மதுரைக்காரரிடமிருந்து அவர் ஊர்ப் பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள். விளவங்கோடு பக்கத்துக்குக் கொஞ்சம் மலையாளமும், கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத்தவருக்கும் கன்னியாகுமரி சுற்றுலாக்காரர்களுக்கும் "கஹாம் ஹோ?" (எங்கே இருக்கிறீர்கள்?), "சாஸ் சல் ரஹீ ஹை?" (மூச்சு வருகிறதா?) என்ற இரண்டு இந்திக் கேள்வியும் தெரிந்திருந்தால் போதும்.

முதல் ஒரு நிமிடம்

கேள்விகளின் வரிசை மாறவே கூடாது. இடம், திரும்பக் கூப்பிட நம்பர், என்ன ஆயிற்று, நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா. இடம் முதலில் வரக் காரணம், லைன் எப்போது வேண்டுமானாலும் அறுந்து போகலாம். இடம் மட்டும் கையில் இருந்தால் வண்டி கிளம்பிவிடும். பெயரைக் கடைசியில் கேளுங்கள். விபத்தைப் பார்த்துச் சொல்கிறவர் தன் பெயரைச் சொல்லத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். உதவி செய்பவரைக் காப்பாற்றச் சட்டமே இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஒரு அழைப்பு எப்படிப் போகும் என்று காட்டுகிறேன்.

"அண்ணே, மாமா விளையில விழுந்து கெடக்காவ, சீக்கிரம் வாங்க!"

"வண்டி வருது மக்கா. எந்த ஊரு?"

"ஆலுமூடு."

"எந்த ஆலுமூடு? எந்த ரோட்டுல?"

"கருங்கல் போற ரோட்டுல. குருசடி இருக்குல்லா, பச்சப் பெயின்ட்டு."

"கருங்கல்லேர்ந்து வந்தா குருசடிக்கு இந்தப் பக்கமா, தாண்டியா?"

"தாண்டி. ரப்பர் ஷீட்டு ஒணக்கப் போட்டிருக்கும் பாருங்க."

"சரி. மாமாவக் கூப்பிட்டா முழிக்காவளா?"

"இல்லண்ணே."

"நெஞ்சு ஏறி எறங்குதா, பாத்துச் சொல்லு."

"எப்பவாச்சும் குறட்ட மாதிரி ஒண்ணு வருது."

அந்தக் கடைசி வரியில் புதிய ஆட்கள் ஏமாந்துவிடுவார்கள். குறட்டை விடுகிறார் என்றால் மூச்சு இருக்கிறது என்று நினைப்போம். இதயம் நின்ற சில நிமிடங்களுக்கு இப்படி விட்டு விட்டு ஒரு இழுப்பு வரும். அதை மூச்சாக எண்ணக் கூடாது. கூப்பிட்டால் நினைவு இல்லை, மூச்சு ஒழுங்காக இல்லை என்ற இரண்டும் சேர்ந்துவிட்டால் வேறு எதையும் கேட்காமல் நெஞ்சை அமுக்கச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். "வண்டி வருது" என்பதை முதலிலேயே சொல்லியாயிற்று. அதைச் சொல்லாவிட்டால் ஒவ்வொரு கேள்விக்கும் "கேள்வி கேட்டுட்டு இருக்கீங்களே, வண்டிய விடுங்க" என்றுதான் பதில் வரும். சொல்லிவிட்டால் போதாது, நிஜமாகவே கிளப்பியிருக்கவும் வேண்டும். பொய் சொல்லி ஒருநாள் மாட்டிக்கொண்டேன். அந்த வீட்டில் இன்றைக்கும் என்னிடம் பேசுவதில்லை.

வண்டி வரும் வரை போனில் சொல்ல வேண்டியவை

நெஞ்சு அமுக்குவதற்கு: ஆளைக் கட்டிலில் போட்டிருந்தால் தரையில் மல்லாத்திப் படுக்க வைக்கச் சொல்லுங்கள். நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கை, அதன் மேல் மற்றது. ஐந்து செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100-லிருந்து 120 முறை. நீங்களே போனில் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று அந்த வேகத்தில் எண்ணிக்கொண்டே இருங்கள். களைத்தால் அடுத்த ஆள் மாற வேண்டும். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்ல மறக்காதீர்கள்; ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் அமுக்கியவர்களும் உண்டு.

நீரில் மூழ்கியவருக்கு இங்கே எல்லோரும் முதலில் செய்வது வயிற்றை அமுக்கி வெள்ளம் எடுப்பது. அதைத் தடுங்கள். மூச்சில்லை என்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதச் சொல்லி, பிறகு நெஞ்சை அமுக்க வைக்க வேண்டும். வலிப்பு என்றால் கையில் சாவிக்கொத்தையோ அரிவாளையோ திணிக்கப் பார்ப்பார்கள். "இரும்பு வேண்டாம் மக்கா, பக்கவாட்டுல திருப்பிப் படுக்க வை, வாயில ஒண்ணும் வைக்காத" என்று உறுதியாகச் சொல்லுங்கள்.

பாம்புக்கடி எங்கள் பக்கத்தில் விடியற்காலை அழைப்பு, நெற்றியில் லைட் கட்டி ரப்பர் வெட்டப் போகிறவர்களுக்கு. கட்டு இறுக்கக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கடிபட்ட காலை அசைக்காமல் வைக்க வேண்டும், பாம்பைத் தேடிப் போகவும் வேண்டாம். வைத்தியர் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறோம் என்பார்கள். அதில் சண்டை போடாமல், "முதல்ல ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி, அப்புறம் வைத்தியர்" என்று மட்டும் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

தென்னையிலிருந்து விழுந்தவரை உட்கார வைத்து ஆட்டோவில் மடக்கி ஏற்றிவிடுவார்கள், முதுகெலும்பு அங்கேயே போகும். அசைக்காமல் படுக்க வைத்து வண்டிக்குக் காத்திருக்கச் சொல்லுங்கள். அலுமினியத் தோட்டியால் (துறட்டியால்) மாங்காயோ பலாக்காயோ பறிக்கும்போது கரண்ட் கம்பியில் பட்டிருந்தால், முதல் வார்த்தை "தொடாத!" என்பதுதான். மின்வாரியத்தில் லைனை நிறுத்தும் வரை யாரும் கிட்டப் போகக் கூடாது.

எந்த வண்டி, எந்த வழி, எந்த ஆஸ்பத்திரி

வரைபடத்தில் பக்கம் என்பதும் ரோட்டில் பக்கம் என்பதும் வேறு. மாலை ஐந்து மணிக்கு மார்த்தாண்டம் கடைத்தெருவைத் தாண்டுவதைவிடச் சுற்றுவழி சீக்கிரம். ரயில்வே கேட் மூடும் நேரங்களைச் சுவரில் எழுதி வையுங்கள். மாசியில் மண்டைக்காட்டுக் கொடைத் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம் தேர், சிவராத்திரியன்று சிவாலய ஓட்டம். ஓட்டத்து இரவில் 12 கோயிலுக்கும் போகிற ரோடுகளில் "கோவிந்தா கோபாலா" என்று கூட்டம் நிற்காமல் ஓடும். முஞ்சிறையிலிருந்து திருநட்டாலம் வரை வண்டியை முன்கூட்டியே பிரித்து நிறுத்தாவிட்டால், நடுவில் கொண்டுபோகவே முடியாது.

பெரிய அடி, மாரடைப்பு, பாம்புக்கடி என்றால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு. பத்மநாபபுரம், குழித்துறை அரசு மருத்துவமனைகள் நடுவழியில் கை கொடுக்கும். மேற்கு ஓரத்துக்காரர்கள் திருவனந்தபுரம்தான் போவோம் என்பார்கள். பாதி வழியில் மூச்சுத் திணறினால் நிறுத்த எங்கே இடம் என்று முதலிலேயே பைலட்டுடன் பேசிவைக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே போன் போட்டு, வயது, என்ன ஆயிற்று, எத்தனை நிமிடத்தில் வருவோம் என்று மூன்று வரியில் சொல்லிவிடுங்கள்.

கடலிலிருந்து வரும் அழைப்பு

இங்கே முகவரியே கிடையாது. ஜிபிஎஸ் எண்களை இரண்டு முறை வாங்கி இரண்டு முறை திருப்பிச் சொல்ல வேண்டும். ஜிபிஎஸ் இல்லாத சின்ன வள்ளம் என்றால், எத்தனை பாகம் (கடல் ஆழத்துக்கான மீனவர் அளவு) ஆழம், கரையில் எந்த மலையும் எந்தக் கோயில் கோபுரமும் நேர்கோட்டில் தெரிகிறது என்று கேளுங்கள். அந்தப் பதிலை ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் சொன்னால் இடத்தைக் கையால் காட்டிவிடுவார். படகு பெயர், பதிவு எண், எத்தனை பேர், எந்தக் கரையிலிருந்து கிளம்பினது. தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகள் கொச்சியிலிருந்தும் போகும் என்பதால் கடைசிக் கேள்வி முக்கியம். விஎச்எப் வயர்லெஸ்ஸில் 16-ஆம் சேனல் ஆபத்து அழைப்புக்கானது, அதில் அரட்டை அடிக்காமல் இருக்கப் பழக்குங்கள்.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது மரமும் மின்கம்பமும் சாய்ந்து மாவட்டமே இருட்டில் கிடந்தது, டவர்களும் போயின. கரையில் யாரிடம் போய்க் கேட்டாலும் எந்தப் படகில் யார் போனார்கள் என்ற முழுப் பட்டியல் இல்லை. பெண்கள் நினைவிலிருந்து ஒவ்வொரு பெயராகச் சொல்ல, கோயில் வராந்தாவில் உட்கார்ந்து காகிதத்தில் எழுதினார்கள். அதற்குப் பிறகு நான் பழக்கிய எல்லோரையும் படகுப் பட்டியலைக் காகிதத்தில் வைக்கச் சொல்கிறேன். மாதம் ஒருமுறை புதுப்பித்து, ஒரு நகல் பங்குத்தந்தை வீட்டிலும் இருக்கட்டும்.

ஊர் அளவில் ஒரு போன் மேசை போட

ஆறு பேர் வேண்டும், மூன்று ஷிப்ட்டுக்கு இருவர் வீதம். இரண்டு வேறு கம்பெனி சிம், இரண்டு போன், ஒரு பவர் பேங்க், சுவரில் மாவட்ட வரைபடம், நோட்டு, பென்சில். பேனா மழைக்காலத்தில் எழுதாது. ஆப்த மித்ரா தேசியத் திட்டத்தில் தொண்டர்களுக்கு 12 நாள் பயிற்சி கொடுத்தார்கள். இப்போது என்ன பயிற்சி இருக்கிறது என்று கலெக்டர் அலுவலகப் பேரிடர் பிரிவில் விசாரியுங்கள். வாரம் ஒருமுறை உங்களுக்குள் பொய் அழைப்பு வைத்துப் பாருங்கள்: ஒருவர் அழுதுகொண்டே பேச, ஒருவர் குடித்தவராகப் பேச, ஒருவர் எட்டு வயதுக் குழந்தையாக. குழந்தை அழைப்புதான் கஷ்டம், ஆனால் குழந்தைதான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்.

விளையாட்டுக்கு அடிக்கிறவர்களைத் திட்டாதீர்கள். நேரத்தையும் நம்பரையும் எழுதிவிட்டு வையுங்கள். அதே நம்பரிலிருந்து ஒருநாள் நிஜ அழைப்பு வந்தது, நான் மூன்றாவது ரிங்கில்தான் எடுத்தேன்.

கெட்ட அழைப்பு ஒன்று முடிந்ததும் அடுத்த போனை இன்னொருவர் எடுக்கட்டும். எழுந்து போய்ச் சாயா குடித்துவிட்டு வாருங்கள். அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடுவது நல்லது. வீட்டில் சொல்ல முடியாவிட்டால் கூட உட்காரும் ஆளிடம்.

ஷிப்ட் மாறும்போது வருகிறவர் நின்றுகொண்டே கேட்க, போகிறவர் நோட்டின் கடைசிப் பக்கத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும்: எந்த வண்டி எங்கே நிற்கிறது, ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம், எந்த ரோடு தோண்டிக் கிடக்கிறது, எந்தப் படகு இன்னும் கரை சேரவில்லை. படித்து முடித்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் போன் கை மாறும்.